கோளாறு யந்திரத்திலா, கணக்கிலா?

சுரங்கம் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது கோலார். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை முடிச்சுடன் புறப்பட்டுப் போன குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக அந்தக் குழிகளில் இறங்கிப் பொன் எடுத்தன. மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம்! அந்தச் சுரங்கத்துக்கென்றே 1902-ம் ஆண்டில், காவிரி பாயும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோ மீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கொண்டு போனார்கள்.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. பொன் அடியோடு தீர்ந்து போயிற்றா? இல்லை. கிடைக்கிற பொன்னின் விலையைவிட, அதை எடுக்க ஆகும் செலவு மிஞ்சிவிட்டது. சுரங்கத் தொழிலின் முதல் பாடம் இதுதான்: பொன் இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

இன்று மண்ணே இல்லாத ஒரு சுரங்கம் வந்திருக்கிறது. மண்வெட்டி வேண்டாம், வெடிமருந்து வேண்டாம். மேஜைமேல் ஒரு பெட்டியை வைத்து மின்சாரத்தைக் கொடுத்தால், 'கிரிப்டோ' நாணயம் விளையும் என்கிறார்கள். வாலிபர்கள் பலர் கடன் வாங்கியாவது அந்தப் பெட்டியை வாங்கத் துடிக்கிறார்கள். வாங்கியவர்களோ வேறு விதமாகத் துடிக்கிறார்கள். 'யந்திரம் நின்று நின்று போகிறது', 'வேகம் பாதியாகிவிட்டது', 'பிளக்கு கருகிவிட்டது' என்று மிஸ்திரியைத் தேடி அலைகிறார்கள்.

பழுது எங்கே இருக்கிறது? யந்திரத்திலா, மின்சாரத்திலா, அல்லது வாங்கியவரின் கணக்கிலா? இதைப் பொறுமையாக ஆராய்வது நல்லது.

லாட்டரிச் சீட்டு அடிக்கும் பெட்டி

முதலில், இந்தப் பெட்டி செய்யும் வேலை என்ன? பிட்காயின் என்னும் நாணயம் 2009-ம் ஆண்டு ஜனவரியில் தொடங்கியது. அதன் கணக்குப் புத்தகத்தில் சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் சேர்க்கப்படுகிறது. அந்தப் பக்கத்துக்குப் பூட்டுப் போட ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: ஊகித்து ஊகித்துப் பார்ப்பது. முதலில் கண்டவருக்குப் பரிசு. மற்றவர்கள் எரித்த மின்சாரம் எல்லாம் வீண்.

2003-ம் ஆண்டிலேயே லாட்டரிச் சீட்டை ஒழித்த மாநிலம் தமிழ்நாடு. இந்தப் பெட்டியோ, மின்சாரத்தை எரித்துத் தனக்குத் தானே சீட்டு அடித்துக் கொள்ளும் ஒரு லாட்டரி. ஒரு வித்தியாசம் உண்டு: இதில் சீட்டுக்கு விலை, மின்சார பில்.

2020-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'ஆன்ட்மைனர் எஸ் 19' என்ற சீன யந்திரத்தை உதாரணமாகப் பாருங்கள். அது ஒரு விநாடியில் 95 லட்சம் கோடி முறை ஊகிக்கிறது. கேட்கவே மலைப்பாக இருக்கிறதல்லவா? அதற்கு அது தின்னும் மின்சாரம் 3,250 வாட். இரவு பகல் ஓய்வில்லாமல் ஓடினால் ஒரு நாளைக்கு 78 யூனிட். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நோயும் மருந்தும் இவற்றில்தான் இருக்கின்றன.

திருப்போரூரில் வைத்தால்...

செங்கற்பட்டு மாவட்டத்துத் திருப்போரூரை எடுத்துக் கொண்டால் விஷயம் தெளிவாக விளங்கும். கந்தசுவாமி கோயில் கொண்டிருக்கும் ஊர். முருகன் விண்ணில் நின்று அசுரரோடு போர் புரிந்த தலம் என்பது ஐதிகம். இன்று அந்த வட்டாரத்தில் ஓயாமல் நடக்கும் போர், உப்புக் காற்றுக்கும் உலோகத்துக்கும் நடக்கும் போர்தான். ஒரு பக்கம் கோவளமும் நெம்மேலியும் கடலும். இன்னொரு பக்கம் கேளம்பாக்கத்து உப்பளங்கள். வடக்கே சிறுசேரியில் கம்ப்யூட்டர் நிறுவனங்களும், பெரும் பெரும் தகவல் மையங்களும்.

சிறுசேரியில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடுகின்றனவே, பக்கத்து ஊரில் ஒரே ஒரு பெட்டி ஓடாதா என்று சிலர் நினைக்கலாம். அங்கே உயர் அழுத்த மின்சாரம் தனியாக வருகிறது. ஒரு லைன் போனால் மற்றொன்று, அதுவும் போனால் ஜெனரேட்டர். குளிர்ச்சிக்கென்றே தனி யந்திர சாலை. சாதாரண வீட்டுக்கு வருவதோ, தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து பத்து வீட்டைத் தாண்டி வரும் ஒற்றைக் கம்பி. யானைக்குப் போடும் கவளத்தைப் பூனையின் தட்டில் வைப்பது போன்றது இது.

குறைந்த வோல்டேஜின் சூழ்ச்சி

பழுதுகளில் முதலாவது, குறைந்த வோல்டேஜ். வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். கோடை மாலையில் எல்லா வீட்டிலும் ஏர்கண்டிஷனர் ஓடும்போது, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் அது இறங்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

வோல்டேஜ் இறங்கினால் குண்டு பல்பு மங்கும். மின்விசிறி மெதுவாகச் சுற்றும். ஆகவே யந்திரமும் குறைவாகவே மின்சாரம் எடுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கேதான் ஏமாற்றம்! இந்தப் பெட்டியின் பவர் சப்ளை பிடிவாதக்காரன். தனக்கு வேண்டிய 3,250 வாட்டை எப்படியும் எடுத்தே தீரும். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டிக் கொள்ளும். 230 வோல்டில் சுமார் 14 ஆம்பியர் இழுப்பது, 200 வோல்டில் 16 ஆம்பியரைத் தாண்டுகிறது. கம்பியில் உண்டாகும் உஷ்ணமோ ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகையால் அது மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிவிடும். வோல்டேஜ் 200-க்கும் கீழே போனால், அது யந்திரத்துக்கு விதித்த எல்லைக்கு வெளியே. பவர் சப்ளை தன்னைக் காத்துக் கொள்ள நின்றுவிடலாம். வீட்டுக்காரர் 'யந்திரம் பழுது' என்று முடிவு கட்டுகிறார். யந்திரம் செய்ததோ சரியான காரியம்!

வீட்டில் இருக்கும் பெரிய பிளக்கின் அளவு 16 ஆம்பியர். அது கிரைண்டரும் வெந்நீர் ஹீட்டரும் சிறிது நேரம் ஓடி நிற்பதற்குப் போதும். மாதக் கணக்கில் இடைவிடாமல் முழு பாரம் தாங்க அல்ல. தொடர்ந்து ஓடும் பாரம், அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போகலாகாது என்பது அனுபவஸ்தர்களின் விதி. இந்த யந்திரத்துக்கு இரண்டு பவர் கார்டு இருக்கிறது. பாரத்தைப் பங்கிடத்தான் இரண்டு. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பங்கீடு எங்கே? பிளக்கு கருகும் நாற்றம் வந்தால், அது மின்சாரம் கொடுக்கும் கடைசி எச்சரிக்கை.

ஸ்டெபிலைசர் வாங்கினால் தீருமா? ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. யந்திரத்துக்கு 230 வோல்ட் கொடுப்பதற்காக, லைனிலிருந்து அதிக ஆம்பியரை இழுத்துக் கொள்கிறது. யந்திரம் பிழைக்கும், கம்பி வேகும். இன்வெர்ட்டரும் உதவாது. 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். இந்த யந்திரத்தின் பசிக்கு அது அரை மணி நேரச் சிற்றுண்டி!

பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

வைத்தியர் முதலில் நாடியைப் பிடிக்கிறார். மருந்து அப்புறம்தான். யந்திரத்துக்கும் அதுவே முறை. விவரம் தெரிந்த ஒயர்மேனைக் கொண்டு, யந்திரம் ஓடும்போது இரண்டு இடங்களில் வோல்டேஜை அளக்க வேண்டும். ஒன்று மீட்டர் பலகையில், மற்றொன்று யந்திரம் செருகிய பிளக்கில்.

மீட்டரிலேயே வோல்டேஜ் குறைவு என்றால் குற்றம் லைனில். மின்வாரியத்தில் புகார் செய்ய வேண்டும். மீட்டரில் சரியாக இருந்து, பிளக்கில் பத்து இருபது வோல்ட் குறைந்தால் குற்றம் வீட்டில். மெல்லிய கம்பி, தளர்ந்த திருகு, தேய்ந்த சாக்கெட்டு, இவற்றில் ஒன்றுதான் திருடன். இரண்டு இடத்திலும் சரியாக இருந்தும் யந்திரம் நின்றால், அப்போது மட்டுமே யந்திரத்தைச் சந்தேகிக்கலாம்.

யந்திரத்துக்குள் மூன்று பலகைகள் இருக்கின்றன. வேகம் மூன்றில் ஒரு பங்கு திடீரென்று குறைந்தால், ஒரு பலகை வேலை செய்யவில்லை என்று அறியலாம். உடனே புதுப் பலகை வாங்க ஓடக்கூடாது. மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டு, வேலை செய்யும் பலகையின் கேபிளையும் செய்யாததன் கேபிளையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பழுது பலகையோடு இருந்தால் பலகையே குற்றவாளி. பழுது கேபிளோடு நகர்ந்தால் கேபிளோ, அது செருகும் இடமோ குற்றவாளி. நூறு ரூபாயில் தீர வேண்டியதற்குப் பல ஆயிரம் செலவிடாமல் இருக்க இந்தச் சிறு சோதனை போதும்.

வெயிலும் உப்பும்

அடுத்த பகை உஷ்ணம். யந்திரம் எடுக்கும் 3,250 வாட்டும் கடைசியில் உஷ்ணமாகவே அறைக்குள் வருகிறது. அதாவது, பெரிய வெந்நீர் ஹீட்டர் ஒன்றை இரவு பகலாகப் படுக்கையறையில் ஓட விடுவதற்குச் சமம். ஒரு டன் ஏர்கண்டிஷனர் வெளியேற்றக் கூடிய உஷ்ணம் சுமார் 3,500 வாட். ஆகவே ஒரு யந்திரத்துக்கு ஓர் ஏர்கண்டிஷனரே அடிமையாக உழைக்க வேண்டும். அதற்கு வேறு மின்சாரம்! கத்திரி வெயிலில் அறை 40 டிகிரியைத் தாண்டினால், யந்திரம் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும், அல்லது நின்றுவிடும். 'வேகம் இல்லை' என்ற புகாரில் பெரும் பகுதி வெறும் புழுக்கம்தான். சூடான காற்று வெளியே போக ஒரு வழி, குளிர்ந்த காற்று உள்ளே வர இன்னொரு வழி. இரண்டும் எதிரெதிரே இருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

ஆனால், ஜன்னலைத் திறந்தால் கடற்கரை ஊரில் உப்புக் காற்று உள்ளே வரும். யந்திரத்தின் விசிறிகள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றி, அந்தக் காற்றை நேரே பலகைகளின்மேல் ஊதுகின்றன. உப்பும் ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்தால் செம்பில் பச்சை பூக்கும். மின்சாரம் போகக் கூடாத வழியில் போகத் தொடங்கும். காற்று வரும் வழியில் வடிகட்டித் துணி வேண்டும்; அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் எர்த் குழி காய்ந்து கிடந்தால், இரும்புப் பெட்டியைத் தொட்டவர் கதி என்ன? எர்த்தைச் சோதிப்பதும், கசிவு கண்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சைப் பொருத்துவதும் யந்திரத்துக்காக அல்ல, வீட்டிலுள்ள குழந்தைகளுக்காக.

புயலையும் மறக்கலாகாது. 2022-ம் ஆண்டு டிசம்பரில் 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரை கடந்தது. மின்சாரம் போய்த் திரும்பும் வேளையில் வோல்டேஜ் துள்ளும். மழைக் காலத்தில் மின்சாரம் போனால் யந்திரத்தைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். மின்சாரம் திரும்பிச் சில நிமிஷங்கள் நிலைத்த பிறகே மீண்டும் செருக வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார். அவசரப்பட்டார் பியூஸ் மாற்றுவார்.

பென்சிலும் காகிதமும்

சரி, வோல்டேஜ் சரியாகிவிட்டது, கம்பி தடித்துவிட்டது, அறை குளிர்ந்துவிட்டது, யந்திரம் பழுதில்லாமல் ஓடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். லாபம் வருமா? இப்போது பென்சிலை எடுக்க வேண்டும்.

2024-ம் ஆண்டு ஏப்ரல் முதல் ஒரு பக்கத்துக்குப் பரிசு 3.125 நாணயம். தொடக்கத்தில் அது 50 ஆக இருந்தது. சுமார் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகிக் கொண்டே வருகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் என்றால், உலகம் முழுவதற்கும் ஒரு நாளைக்கு 450 நாணயம். 2025-ம் ஆண்டின் பிற்பகுதியில் உலகில் இந்த வேலையைச் செய்த யந்திரங்களின் மொத்த வேகம், மேலே சொன்ன பெட்டியைப் போல ஒரு கோடிப் பெட்டிகளின் வேகத்தையும் தாண்டியது. 450 நாணயத்தை ஒரு கோடிப் பேர் பங்கு போட்டால் ஒருவருக்கு என்ன கிடைக்கும்? அந்த விகிதத்தில் ஒரு பெட்டி ஒரு முழு நாணயம் சம்பாதிக்க 60 ஆண்டுக்கு மேல் ஆகும். பேரன் காலத்தில் கிடைக்கும்! அதுவும் பரிசு இனிமேல் குறையாது, போட்டி கூடாது என்று வைத்துக் கொண்டால்.

அந்த 60 ஆண்டில் யந்திரம் தின்னும் மின்சாரம் 17 லட்சம் யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டைத் தாண்டினால், மேற்கொண்டு ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய்க்கு மேல். இந்த யந்திரம் இரண்டு மாதத்தில் 4,680 யூனிட் ஓடும். பில் ஐம்பதாயிரம் ரூபாயை நெருங்கும். 60 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால், இன்றைய கட்டணத்திலேயே, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். 2025-ம் ஆண்டு அக்டோபரில் பிட்காயின் உச்சத்தைத் தொட்டபோதுகூட அதன் விலை சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் ரூபாய்தான். ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்க ஒன்றரை ரூபாய் செலவிடும் சுரங்கத்தை எவனாவது தோண்டுவானா?

சூரிய ஒளியில் ஓட்டலாமே என்று கேட்பவர் உண்டு. ஒரு கிலோவாட் சூரியப் பலகை நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். 78 யூனிட்டுக்கு இருபது கிலோவாட் வேண்டும். ஏறக்குறைய இரண்டாயிரம் சதுர அடி மாடி வேண்டும். அவ்வளவு பலகை வாங்க வசதி உள்ளவர் அந்த மின்சாரத்தில் மாவு மில்லோ ஐஸ் கட்டி யந்திரமோ ஓட்டினால், ஊருக்கும் உதவி, அவருக்கும் லாபம்.

உலகில் யாருமே லாபம் பார்ப்பதில்லையா? பார்க்கிறார்கள். பனி மலையும் நீர் வீழ்ச்சியும் உள்ள பூட்டானில் அரசாங்கத்தாரே நீர்மின்சாரத்தைக் கொண்டு இதைச் செய்கிறார்கள். அங்கே குளிர்ச்சி இயற்கை தந்தது. ஆற்றில் வெள்ளம் பெருகும் காலத்தில் மின்சாரம் மிச்சம். இரண்டும் இல்லாத இடத்தில் அதே தொழில் நஷ்டம். தென்னை வைக்க வேண்டிய நிலத்தில் ஆப்பிள் வைத்து, கன்றின்மேல் குறை சொல்வது என்ன நியாயம்?

குறுக்கு வழியின் முடிவு

கணக்கு இடிக்கும்போதுதான் சிலருக்குக் குறுக்கு வழி தோன்றுகிறது: மீட்டரைத் தாண்டிக் கொக்கி! தமிழர்கள் நிறைய வாழும் மலேசிய நாட்டில் நடந்தது இதற்குப் பாடம். அந்நாட்டின் சரவாக் மாநிலத்தில், மிரி என்னும் ஊரில், மின்சாரம் திருடி ஓட்டிய 1,069 யந்திரங்களைப் போலீசார் கைப்பற்றினார்கள். 2021-ம் ஆண்டு ஜூலையில் அவற்றைத் தரையில் பரப்பி, சாலை போடும் ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். உலகமே அந்தக் காட்சியைப் பார்த்தது. இந்தத் திருட்டு இணைப்புகளால் அந்த ஊரில் மூன்று வீடுகள் தீக்கிரையாயின என்றும் போலீசார் கூறினார்கள். யந்திரம் போனால் பணம் போயிற்று, வீடு எரிந்தால்?

நம் நாட்டிலும் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வீட்டுக்கென்று வாங்கிய இணைப்பில் தொழில் நடத்தினாலும் இரு மடங்கு கட்டணம் விதிக்க இடமிருக்கிறது. அப்படியும் லாபம் வந்தால், 2022-ம் ஆண்டு ஏப்ரல் முதல் அதில் நூற்றுக்கு முப்பது வரி. 'யந்திரம் நிறுவிய செலவைக் கழித்துக் கொள்ளுங்கள்' என்று கேட்கவும் முடியாது. கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சிலேயே பார்லிமெண்டில் அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதில் அக்கம் பக்கத்தார் சங்கதியும் இருக்கிறது. ஒரு தெருவுக்கு 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் என்றால், இத்தகைய பத்து யந்திரங்கள் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். லைனின் கடைசி வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணின் விசிறி சுற்றாமல் நிற்கும். விவசாயியின் மோட்டார் தண்ணீர் இறைக்காமல் முனகும். ஒருவருடைய லாட்டரிக்காக ஊரார் வியர்வை சிந்துவதா?

செய்ய வேண்டியது என்ன?

வாலிபர்களின் ஆர்வத்தைப் பழிப்பது நியாயமல்ல. ஒரு பலகையைக் கழற்றிப் பழுது பார்க்கத் தெரிந்த இளைஞன், வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியர் ஏன் ஏறுகிறது என்று விளங்கிக் கொண்ட இளைஞன், நாட்டுக்கு வேண்டியவன். சிறுசேரியின் தகவல் மையங்களிலும், நெம்மேலியின் கடல்நீர்க் குடிநீர் ஆலையிலும், ஊரிலுள்ள ஒவ்வொரு பம்பு செட்டிலும் அந்த அறிவுக்கு வேலை இருக்கிறது. பெட்டி நஷ்டம் தரலாம். பெட்டியால் கற்ற வித்தை நஷ்டம் தராது.

ஏர்கண்டிஷனரும் ஐஸ் பெட்டியும் வாங்கும்போது, எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று நட்சத்திரக் குறியிட்ட சீட்டு ஒட்டியிருக்கிறது. இந்த யந்திரங்களுக்கும் அப்படி ஒரு சீட்டு வேண்டும். 'நாளொன்றுக்கு 78 யூனிட், இரண்டு மாத பில் ஏறத்தாழ ஐம்பதாயிரம்' என்று கொட்டை எழுத்தில், தமிழில், பெட்டியின்மேலேயே அச்சிட்டிருந்தால் எத்தனை பேர் கடன் வாங்க முன்வருவார்கள்? அரசாங்கம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அதுவரை வாங்க நினைப்பவர் செய்ய வேண்டியது ஒன்று. பழைய யந்திரத்தைக் குறைந்த விலைக்குத் தருவதாக ஒருவர் சொன்னால், 'நன்றாக ஓடிக் கொண்டிருந்தால் நீங்கள் ஏன் விற்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் தயங்கும் நேரத்தில், 78-ஐ 60 நாளால் பெருக்கிப் பாருங்கள். மிஸ்திரியால் தீர்க்க முடியாத பழுது எது என்று அப்போதே தெரிந்துவிடும்.